ஆறு சிலிண்டருக்கும் ஒரே பங்கு: பழைய செஸ்னா 182-க்கு என்ன செய்யலாம்?

எங்களுடையது 1970களில் வந்த செஸ்னா 182, ஒற்றை இன்ஜின் சிறு விமானம். இல்லினாயில் மூன்று பேர் பங்கு போட்டு வைத்திருக்கிறோம். இன்ஜின் கான்டினென்டல் ஓ-470-ஆர். ஆறு சிலிண்டர், 230 குதிரைசக்தி, அடியில் ஒரே ஒரு கார்புரேட்டர். ஓவர்ஹாலுக்கு (இன்ஜினை முழுக்கப் பிரித்துப் புதுப்பிப்பதற்கு) தயாரிப்பாளர் சொல்லும் 1500 மணி நேரம் நெருங்கிக்கொண்டிருந்தபோது எங்களுக்குள் ஒரு விவாதம் கிளம்பியது.

மூவரில் மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், தீர்மானமாக இருந்தார். "எப்படியும் இன்ஜினை இறக்கத்தானே போறோம் தம்பி. இந்தக் கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடலாம். ஆறு சிலிண்டரும் ஆறு வீட்டுச் சாப்பாடு சாப்பிடுது." கார்புரேட்டர் ஒரே இடத்தில் பெட்ரோலைக் காற்றில் கலந்து எல்லா சிலிண்டருக்கும் அனுப்பும்; இன்ஜெக்‌ஷன் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் விடும். கலவை சமமாகப் போவதில்லை என்று அவர் சொன்ன குறை உண்மைதான். தீர்வில்தான் எனக்குச் சந்தேகம். அதற்காக ஒரு வருடம் அளந்து பார்த்தேன். அதில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குறை என்னவென்று பார்ப்போம். பந்தியில் சாம்பார் வாளியுடன் ஒருவர் வேகமாகப் போனால் என்ன ஆகும்? முதல் இலையில் முருங்கைக்காய் மூன்று விழும், கடைசி இலைக்கு வெறும் தண்ணீர்தான். கார்புரேட்டர் இன்ஜினிலும் அதே கதை. வென்ச்சுரி என்ற குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது நாஸிலிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வெளியே வருகிறது. அது முழுக்க ஆவியாக வருவதில்லை. ஆவி கொஞ்சம், துளிகள் நிறைய, குழாய்ச் சுவரில் வழிந்தோடும் ஈரம் கொஞ்சம். காற்று வளைவில் சுலபமாகத் திரும்பிவிடும். கனமான துளி திரும்பாது, நேராகப் போய் எங்கே முட்டுகிறதோ அங்கே சேரும். அதனால் எல்லா சிலிண்டருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு காற்று போனாலும், பெட்ரோல் ஒரே அளவில் போவதில்லை.

இதை மோசமாக்கும் விஷயங்கள் இரண்டு. ஒன்று குளிர். பெட்ரோல் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்குள் வெப்பநிலை 70 பாரன்ஹீட் டிகிரி அளவுக்குக்கூடக் குறையலாம். குளிர் கூடக் கூட ஆவி குறைந்து துளி கூடும். லைகமிங் என்ற இன்னொரு நிறுவனத்தின் இன்ஜின்களில் பெரும்பாலும் கலவை போகும் குழாய்கள் ஆயில் சம்ப்புக்குள்ளேயே (அடியிலுள்ள ஆயில் தொட்டி) செல்வதால், சூடான ஆயில் அதைக் கொஞ்சம் காய்ச்சி அனுப்பும். கான்டினென்டல் ஓ-470-இல் குழாய்கள் வெளியே தனியாகத் தொங்குகின்றன. அதனால்தான் 182-க்கு கார்புரேட்டர் ஐஸ் (காற்றின் ஈரம் கார்புரேட்டருக்குள் உறைந்து அடைப்பது) விஷயத்திலும் கெட்ட பெயர்.

இரண்டாவது த்ராட்டில் தகடு, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கதவு. அது பாதி சாய்ந்திருந்தால் பெட்ரோல் ஓட்டத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். முழுக்கத் திறந்திருந்தால் இடைஞ்சலே இருக்காது, ஆனால் கலக்கலும் இருக்காது. நாஸிலிலிருந்து வந்த துளிக்கூட்டம் கூட்டமாகவே மேலே போய்விடும்.

சரி, எவ்வளவு சமமில்லை என்பதை எப்படி அறிவது? பழைய விமானங்களில் ஒரே ஒரு புகைக்குழாயில் ஒரு வெப்பமானி இருக்கும். ஒரு வார்டில் ஒரே ஒரு நோயாளிக்கு மட்டும் காய்ச்சல் பார்ப்பது போலத்தான். ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஈஜிடி (புகை வெப்பம்), சிஎச்டி (சிலிண்டர் தலை வெப்பம்) காட்டும் இன்ஜின் மானிட்டரும், எரிபொருள் ஓட்டத்தைக் காட்டும் மீட்டரும் இல்லாமல் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்பது என் கருத்து. மற்ற எந்தச் செலவுக்கும் முன்னால் இதற்கு இரண்டு மூவாயிரம் டாலர் போடலாம். மானிட்டர் எதையும் சமமாக்காது. ஆனால் அது இல்லாமல் செய்கிற வேலை எல்லாம் குருட்டு வேலை.

சோதனை எளிது. அமைதியான காற்றில் நேராகப் பறந்துகொண்டு மிக்ஸர் குமிழை (கலவையில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) மெல்ல மெல்ல வெளியே இழுக்க வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய ஒவ்வொரு சிலிண்டரின் புகை வெப்பமும் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். எந்த சிலிண்டர் எந்த எரிபொருள் ஓட்டத்தில் உச்சம் தொட்டது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் தொடுவது பெட்ரோல் குறைவாகக் கிடைக்கும் சிலிண்டர், கடைசியில் தொடுவது அதிகமாகக் கிடைப்பது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை எத்தனை கேலன் என்று சொல்வார்கள். நன்றாகச் சீரமைத்த இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் அது மணிக்கு அரை கேலனுக்குள் இருக்கும். எங்களுடையதில், 5000 அடி உயரத்தில், 21 அங்குல மேனிஃபோல்டு பிரஷரில் (இன்டேக் குழாய்க்குள் உள்ள காற்றழுத்தம்), முதலில் உச்சம் தொட்ட சிலிண்டர் 13.1-இல் தொட்டது, கடைசியாகத் தொட்டது 11.4-இல். வித்தியாசம் 1.7 கேலன். அண்ணன் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

எதுவும் செய்யாமல் ரிச்சாகவே (பெட்ரோல் அதிகமுள்ள கலவையில்) ஓட்டுவது ஒரு வழி. பெரும்பாலானோர் செய்வது இதுதான், அதில் ஆபத்தும் இல்லை. ஆனால் பெட்ரோல் குறைவாகக் கிடைக்கிற ஒரு சிலிண்டரைக் காப்பாற்ற மற்ற ஐந்துக்கும் தேவைக்கு மேல் ஊற்றுகிறோம். அந்த ஐந்தின் பிளக்கிலும் வால்விலும் ஈயமும் கரியும் படியும். லீனாக்கினால் (பெட்ரோலைக் குறைத்தால்) இன்ஜின் உதறுகிறதே என்பவர்கள் நிறைய. லீன் என்பதால் அது உதறுவதில்லை. ஒரு சிலிண்டர் பலமாகவும் பக்கத்து சிலிண்டர் பலவீனமாகவும் இழுப்பதால் உதறுகிறது.

அடுத்தது, இருப்பதை முதலில் ஒழுங்காக்குவது. கேட்க சப்பென்று இருக்கும். ஆனால் எங்களுக்கு முதல் பலன் இதில்தான் கிடைத்தது. 13.1-இல் முதலில் உச்சம் தொட்டது ஐந்தாம் சிலிண்டர், அதாவது வலது பக்கம் முன்னால் இருப்பது (கான்டினென்டலில் எண்ணிக்கை பின்னாலிருந்து தொடங்கும், லைகமிங்கில் முன்னாலிருந்து, இதில் குழம்பி நல்ல சிலிண்டரைக் கழற்றியவர்கள் உண்டு). த்ராட்டிலை முழுக்கத் திறந்து அதே சோதனையைச் செய்தபோது ஐந்தாவது மற்றவற்றுடன் ஓரளவு சேர்ந்துகொண்டது. த்ராட்டிலை இறக்கினால் மறுபடி தனியாக ஓடிப்போனது. இது காற்று ஒழுகலின் கையெழுத்து. த்ராட்டில் மூடியிருக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைவு, வெளிக்காற்று விரிசல் வழியாக உள்ளே வரும். முழுக்கத் திறந்தால் உள்ளும் வெளியும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம், வர ஆசைப்பட்டாலும் வராது.

இன்ஜின் மூடியான கவுலிங்கைக் கழற்றிப் பார்த்தோம். ஐந்தாவதின் இன்டேக் குழாய் சிலிண்டரைத் தொடும் இடத்தில், கேஸ்கெட் ஓரமாக, மெல்லிய நீலக் கறை. விமானப் பெட்ரோலான ஏவ்காஸ் 100 எல்எல்-க்கு நீலச் சாயம் போடுவார்கள், அதுதான் காட்டிக்கொடுத்தது. மெக்கானிக் ஒரு பழைய வாக்குவம் கிளீனரைக் கொண்டுவந்தார். உறிஞ்சும் பக்கத்தில் அல்ல, ஊதும் பக்கத்தில் குழாயை மாட்டி, கார்புரேட்டர் வாயில் துணி சுற்றி வைத்து, லேசாகக் காற்று ஊதினார். நான் பாத்திரம் கழுவும் சோப்பு நீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்துக்கொண்டு வந்தேன். கறை இருந்த இடத்தில் நுரை கொப்பளித்தது. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, குழாய்களை இணைக்கும் ரப்பர் ஹோஸ் ஒன்றும் கிளாம்ப் அடியில் கல்லாகக் காய்ந்து குமிழ் விட்டது. கேஸ்கெட்டும் ஹோஸும் கிளாம்பும் சேர்த்து ஒரு நல்ல இரவுச் சாப்பாட்டுச் செலவு. மாற்றிய பிறகு முதல் உச்சம் 12.7-க்கு இறங்கியது. வித்தியாசம் 1.3.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் சில. கை ப்ரைமர் (இன்ஜினைக் கிளப்பும்முன் பெட்ரோல் தள்ளும் கைக்கருவி) சரியாகப் பூட்டவில்லை என்றாலோ அதன் ஓ-ரிங் தேய்ந்திருந்தாலோ, இன்ஜின் அதன் வழியாகவும் பெட்ரோலை உறிஞ்சும். அந்தக் குழாய் போகும் சிலிண்டர்கள் மட்டும் ரிச்சாகும். பிளக்கும் அதற்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவும் சரியா என்று பார்க்காமல் ஈஜிடியை நம்பக்கூடாது. ஒரு பிளக் வேலை செய்யாவிட்டாலும் ஈஜிடி ஏறும், அது கலவையின் குற்றம் போலவே தெரியும்.

மூன்றாவது வழிக்கு ஒரு காசு செலவில்லை. விமானி கையால் செய்வது. அமெரிக்காவில் பழைய 182 வைத்திருப்பவர்கள் பலருக்கும் தெரிந்த கைப்பழக்கம் இது, ஆனால் ஏன் என்று கேட்டால் சிலருக்குத்தான் விளக்கத் தெரியும். இரண்டு பகுதி.

முதலாவது, மேலே போய்ச் சமநிலைக்கு வந்ததும் த்ராட்டிலை முழுக்கத் திறந்து, பிறகு மேனிஃபோல்டு பிரஷர் முள் லேசாக அசையும் வரை மட்டும் பின்னால் இழுப்பது. அரை அங்குலம்கூட இறங்க வேண்டியதில்லை. தகடு சற்றே சாய்ந்ததும் அதன் ஓரங்களில் காற்று சுழிக்கும், அந்தச் சுழிப்பு துளிகளைக் கலக்கிவிடும். அதிகம் இழுத்தால் தகடு ஒரு பக்கமாகத் தள்ள ஆரம்பித்துவிடும், கெட்டது. தவிர, பல கார்புரேட்டர்களில் த்ராட்டில் முழுக்கத் திறந்திருந்தால் மட்டும் கூடுதல் பெட்ரோல் விடும் ஒரு வழி உண்டு. லேசாக இழுத்ததும் அது மூடிக்கொள்ளும்.

இரண்டாவது, கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் வழியை, கொஞ்சமாகத் திறப்பது. சூடான காற்று உள்ளே வந்தால் துளி ஆவியாகும். ஆவி காற்றோடு காற்றாக வளையும், முட்டி நிற்காது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் கலவை ரிச்சாகும், அதனால் மிக்ஸரை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கார்ப் ஹீட்டைப் பாதியாக வைக்காதே, முழுக்கத் திற அல்லது முழுக்க மூடு என்றுதான் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அது காரணமில்லாமல் இல்லை. வெளியே கடுங்குளிரில் வரும் காற்றில் ஐஸ் பிடிக்கும் ஈரமே இருக்காது. இருக்கிற கொஞ்சமும் பனித்துகளாக ஒட்டாமல் போய்விடும். அரைகுறையாகச் சூடாக்கினால் அதைச் சரியாக ஐஸ் பிடிக்கும் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவோம். ஆகவே கார்புரேட்டர் வெப்பமானி இல்லாமல் இந்த வித்தை வேண்டாம். அதில் மைனஸ் 15 முதல் பிளஸ் 5 செல்சியஸ் வரை மஞ்சள் வளைவு இருக்கும். முள்ளை அதைத் தாண்டி 8, 10 டிகிரியில் வைக்கிறேன். கார்ப் ஹீட் காற்று ஃபில்டர் வழியாக வருவதில்லை என்பதால் தரையில் இதைத் தொடக்கூடாது. சூடான காற்றால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வாய்ப்பு கூடும் என்பதால் டேக்-ஆஃப், ஏற்றம் இரண்டிலும் கூடாது. 75 சதவீத சக்திக்குக் கீழே, குரூஸில், அதாவது சமநிலையில் பறக்கும்போது மட்டும். உங்கள் விமானக் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேடு சொல்வதுதான் சரி.

மேனிஃபோல்டு பிரஷர் காட்டி இல்லாத, விசிறிக் கோணம் மாறாத விமானம் என்றால் ஆர்பிஎம் 20, 25 குறையும் வரை த்ராட்டிலை இழுத்தால் போதும்.

எங்களுக்கு இரண்டும் சேர்ந்து என்ன தந்தது? முதல் உச்சம் 12.3, கடைசி 11.6. வித்தியாசம் 0.7. 7000 அடியில், 65 சதவீதத்துக்கு அருகே, முன்பு உதறிய இடத்தில் இன்ஜின் அமைதியாக ஓடுகிறது. மணிக்கு 12.5 கேலன் குடித்தது 11-இல் நிற்கிறது. அண்ணனை வலது இருக்கையில் உட்காரவைத்துக் காட்டினேன். கார்ப் ஹீட் குமிழைத் தன் கையாலேயே அரை அங்குலம் இழுத்தார். மானிட்டரில் ஆறு கம்பங்களும் ஒன்றையொன்று நெருங்குவதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா நாம மூணு வருஷம் சண்டை போட்டோம்?" என்றார். ஆனாலும் இன்ஜெக்‌ஷன் ஆசை போகவில்லை.

நான்காவது, கார்புரேட்டரையே மாற்றுவது அல்லது அதன் உள்பாகங்களை மாற்றுவது. இதில் எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. ஒரே துளைக்குப் பதில் பல சின்னத் துளைகள் உள்ள நாஸில் பெட்ரோலைப் பொடியாக்கித் தெளிக்கும், சில இன்ஜின்களில் நன்றாக உதவுகிறது. ஆனால் சான்றிதழ் பெற்ற விமானத்தில், உங்கள் இன்ஜினுக்கு அனுமதிக்கப்பட்ட பாக எண்ணைத் தவிர வேறெதையும் போட முடியாது. ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்குவது, ஏர்பாக்ஸில் தகடு வைத்துக் காற்றைத் திருப்புவது எல்லாம் சொந்தமாகக் கட்டிய எக்ஸ்பெரிமென்டல் விமானங்களின் உலகம். அங்கே அது ஒரு தனிக் கலை, பொறாமையாகக்கூட இருக்கிறது. நமக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஓவர்ஹாலின்போது கார்புரேட்டரையும் நல்ல கடையில் பிரித்துச் சுத்தம் செய்து, மிதவை உயரம் பார்த்து வாங்கினால் போதும்.

இனி அண்ணனின் வழி: இன்ஜெக்‌ஷன். 182-க்கு ஐஓ-520, ஐஓ-550 இன்ஜின்கள் போட அங்கீகரிக்கப்பட்ட எஸ்டிசி (விமானத்தில் மாற்றம் செய்ய அரசு தரும் அனுமதி) திட்டங்கள் உண்டு. செஸ்னாவே 1990களில் உற்பத்தியை மறுபடி தொடங்கியபோது 172, 182 இரண்டையும் இன்ஜெக்‌ஷன் லைகமிங்குடன்தான் கொண்டுவந்தது. பெரிய இன்ஜின்களின் சரித்திரமும் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறது. இரண்டாம் உலகப் போரில் பி-29 குண்டுவீச்சு விமானத்தின் ரைட் ஆர்-3350 இன்ஜினில் 18 சிலிண்டர்களுக்கும் கலவை சமமாகப் போகாமல் சூடேறித் தொல்லை கொடுத்து, கடைசியில் நேரடி இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றினார்கள்.

நன்மைகளை மறைக்கத் தேவையில்லை. கார்புரேட்டர் ஐஸ் என்ற பயமே போய்விடும். குதிரைசக்தி கூடும். கலவை சமமாகும் வாய்ப்பு மிக அதிகம். வாய்ப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த இன்ஜின்களில் பெட்ரோல் வால்வு திறக்கும் நேரம் பார்த்துத் தெளிக்கப்படுவதில்லை, இடைவிடாமல் கசிந்துகொண்டே இருக்கிறது. வால்வு மூடியிருக்கும்போது சேரும் ஆவி பக்கத்து சிலிண்டருக்குப் போய்விடும். அதனால்தான் ஓக்லஹோமாவின் ஏடா ஊரில் காமி நிறுவனம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் வெவ்வேறு அளவுள்ள இன்ஜெக்டர்களை விற்கத் தொடங்கியது. பந்தியில் ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தாலும் கரண்டிகள் ஒரே அளவா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தீமைகளில் எனக்குப் பெரிதாகத் தெரிவது எளிமை போவது. பழைய 182-இல் பெட்ரோல் பம்ப்பே கிடையாது. இறக்கை மேலே, கார்புரேட்டர் கீழே, புவியீர்ப்பு வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இன்ஜெக்‌ஷன் வந்தால் இன்ஜின் பம்ப், மின் பம்ப், கூடுதல் குழாய்கள், சூடான நாளில் நின்ற இன்ஜினைக் கிளப்பும் போராட்டம் எல்லாம் கூடவே வரும்.

இன்னொன்று எரிபொருள். ஓ-470-ஆர் 7.0-க்கு 1 என்ற குறைந்த கம்ப்ரஷன் கொண்டது, பழைய 80/87 ஆக்டேனுக்காகச் செய்தது. இன்றைக்கு யுஎல்94 என்ற ஈயமில்லாத ஏவ்காஸும், எஸ்டிசி வாங்கினால் மோட்டார் பெட்ரோலும் இதற்குப் பொருந்தும். ஐஓ-550 போன்றவைக்கு 100 ஆக்டேன் வேண்டும். அமெரிக்காவில் 2030 முடிவுக்குள் ஈயம் கலந்த ஏவ்காஸை விட்டு வெளியே வருவது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் எந்த மாற்று எரிபொருள் வரும் என்ற குழப்பம் தீராத நேரத்தில், எதையும் குடிக்கிற இன்ஜினைக் கழற்றிப் போட எனக்கு மனமில்லை.

கடைசியில் கணக்கு. எங்களுக்குக் கிடைத்த விலைகளில், சாதாரண ஓவர்ஹாலைவிட இன்ஜெக்‌ஷன் மாற்றத்துக்கு 40,000 டாலர் கூடுதல். நாங்கள் மூவரும் சேர்ந்து வருடத்துக்கு 100 மணி நேரம் பறக்கிறோம். மணிக்கு ஒன்றரை கேலன் மிச்சம் என்றால் 150 கேலன், கேலன் 6 டாலர் என்றால் வருடத்துக்கு 900 டாலர். 40,000-ஐ எடுக்க 44 வருடம் ஆகும். அதிலும் அந்த ஒன்றரை கேலனைக் கையால் இலவசமாகவே எடுத்தாகிவிட்டது. மலையிலுள்ள ஓடுபாதைகளுக்குப் போகிறவர், 70 குதிரைசக்தி கூடுதலாக வேண்டுமென்பவர், தாராளமாக மாற்றலாம். அது சக்திக்காக மாற்றுவது. கலவைச் சமத்துக்காக மட்டும் என்றால் பூனைக்குப் பயந்து வீட்டை விற்பது போல.

வேறு இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓ-320, ஓ-360 லைகமிங் என்றால் ஆயில் சம்ப் ஏற்கெனவே உங்களுக்குப் பாதி வேலையைச் செய்கிறது, ஒழுகல் சோதனையும் த்ராட்டில் வித்தையும் போதும். ரோட்டாக்ஸ் 912 என்றால் கதையே வேறு. இரண்டு பிங் கார்புரேட்டர்கள், ஆளுக்கு இரண்டு சிலிண்டர். இரண்டும் ஒன்றாகத் திறக்கிறதா என்று சின்க்ரனைஸ் செய்வதுதான் அங்கே முழு விஷயம். இன்டேக் பைப் பக்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நாங்கள் ஓ-470-ஆரையே ஓவர்ஹாலுக்கு அனுப்பினோம், எல்லா இன்டேக் ஹோஸும் கேஸ்கெட்டும் புதிதாக, கார்புரேட்டரும் சேர்த்து. திரும்பி வந்த பிறகு வித்தியாசம் கோடையில் 0.6. போன ஜனவரியில், வெளியே மைனஸ் 18 செல்சியஸில் சோதித்தபோது, கார்ப் ஹீட் எவ்வளவு இழுத்தும் 1.1-க்குக் கீழே இறங்கவில்லை. அந்த மாதங்களில் மிக்ஸரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ரிச்சாகவே பறக்கிறோம். அண்ணன் மட்டும் ஒவ்வொரு தடவையும் குமிழை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்.